ராகேல் பெற்ற மகன்

அத்தியாயம் 5

நன்றி சொல்ல ஆள் தேடுகிறவருடைய கண் இப்படிச் சிவந்திருக்காது என்று அறைக்குள் நுழைந்ததுமே பிரியந்தனுக்குப் பட்டுவிட்டது. அதைச் சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் பக்கத்தில், அவனுக்குத் துப்பறியும் வேலை கொடுத்த தெய்வநாயகி அன்ரி நிற்கிறார். வாடிக்கையாளர் முன்னால் பகிடி விட்டால் சம்பளத்தில் கைவைப்பேன் என்று காரிலேயே எச்சரித்துத்தான் கூட்டி வந்திருந்தார். எனவே பிரியந்தன் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றான்.

வாடிக்கையாளர் அமிர்தநாதர். ரொறொன்ரோ ஸ்காபரோவில் கல்யாணமோ சாமத்திய வீடோ என்றால் சனம் முதலில் விசாரிக்கிற மண்டபம் அவருடையது. வாசலில் ஆளுயரப் படம், படத்துக்குக் கீழே 'மட்டக்களப்பு புளியந்தீவு யோசேப்பு அமிர்தநாதர்' என்று பொன்னிற எழுத்து. சேர்ச்சுக்குக் கூரை போட்டவர், ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொப்பி புத்தகம் அனுப்புகிறவர், யாரைக் கண்டாலும் சாப்பிட்டீங்களோ என்று கேட்கிறவர். ஒரு குறை சொல்ல ஆளில்லை. அப்படி ஒரு மனிதரைக் கண்டால் தெய்வநாயகிக்கு மட்டும் மூக்கு அரிக்கும்.

மண்டபத்தின் பக்க அறையில் அவர் ஒரு வேதாகமக் காட்சியறை அமைத்துக்கொண்டிருந்தார். மண் விளக்கு, பழைய நாணயம், ஒலிவ மரச் சிலுவை என்று கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. அந்தக் காட்சியறைக்கு யாரோ பெயர் போடாமல் ஒரு பொருளைக் காணிக்கையாக அனுப்பியிருக்கிறார்கள். உள்ளங்கை அகலத் தோல் துண்டு, அதில் எபிரேய எழுத்தில் ஐந்தாறு வரி. அமிர்தநாதர் அதைத் தன் கையாலேயே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துச் சட்டம் போட்டிருக்கிறார். இப்போது அதை அனுப்பினவர் யாரென்று அவருக்குத் தெரியவேண்டும்.

"நன்றி சொல்லவேணும். வேற ஒண்டுமில்லை," என்றார் அவர்.

பொலிசுக்குச் சொன்னீர்களா என்று தெய்வநாயகி கேட்டார். இதற்கு எதற்குப் பொலிஸ் என்றார். ஃபாதரிடம் விசாரித்தீர்களா என்றதற்கும் இல்லை. துண்டு உண்மையாகவே பழையதா, யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டபோது, பழசோ புதுசோ அது தனக்குத் தேவையில்லை, அனுப்பினவரின் பெயர் மட்டும் போதும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் வேண்டும் என்று சொல்லி, தெய்வநாயகி கேட்காமலேயே முற்பணக் காசோலையை மேசையில் வைத்தார்.

தெய்வநாயகி துண்டைப் பார்க்கக் கேட்டார். அமிர்தநாதர் சட்டத்தைத் தூக்கிக் காட்டினார், ஆனால் கையிலிருந்து விடவில்லை. பெருவிரல் மூன்றாவது வரியின் நடுவில் பதிந்திருந்தது. பிரியந்தன் போனில் படம் எடுக்கும்போது விரலைக் கொஞ்சம் எடுங்கோ அங்கிள் என்று பணிவாகக் கேட்டான். இது போதும் என்று அவரும் பணிவாகவே சொன்னார். விரல் அசையவில்லை.

மற்ற எல்லாப் பெட்டிகளுக்கும் கீழே சின்ன விளக்கச் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. இந்தச் சட்டத்துக்குரிய இடத்தில் மட்டும் பசை காய்ந்த தடம்தான் இருந்தது. அமிர்தநாதரின் சட்டைப் பையில் மடித்த சீட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அதில் தமிழ் எழுத்துத் தெரிவதைப் பிரியந்தன் கண்டான். சீட்டுகளை எழுதினது யார் என்று கேட்டபோது, தனுஷிகா என்று ஒரு யூனிவர்சிற்றிப் பிள்ளை, ஃபாதர் பிடித்துத் தந்தவர், அவரோடு கதைக்கத் தேவையில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று மூன்று பதிலை ஒரே மூச்சில் சொன்னார் மண்டபக்காரர்.

காரில் ஏறியதும் பிரியந்தன் கட்டியிருந்த வாயை அவிழ்த்தான்.

"நன்றி சொல்ல ஆளை வச்சுத் தேடுறார் அன்ரி. என்னைப் பெத்ததுகள் நன்றி சொல்லு எண்டு தலையில குட்டித்தான் பழக்கினதுகள். உந்தாளின்ர பண்பு ஆருக்கு வரும்?"

"நன்றி சொல்ற ஆக்கள் அனுப்பின பெட்டியைத்தான் முதல்ல பாப்பாங்க மனே. தபால் முத்திரை, கூரியர் நம்பர். இந்தாள் பெட்டியைப் பத்திக் கதைக்கவே இல்ல. ஆளைப் பிடிச்சு வாயை மூட நிக்கிறார்," என்றார் தெய்வநாயகி. "மறுகா அந்தப் பெருவிரல். அவருக்கு எபிரேயம் தெரியாது. ஆனா எந்த இடத்தை மறைக்கவேணும் எண்டு தெரிஞ்சிருக்கு."

மறுகா என்றால் பிறகு. அன்ரியிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் மறுகா வாறன் என்று அவர் சொன்னதைக் கேட்டு, மறுகாவா, அது எந்தப் பக்கம் என்று கேட்டவன் பிரியந்தன். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்குப் பிறந்து ரொறொன்ரோவில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டக்களப்புத் தமிழ் இன்னொரு பாடம். தெய்வநாயகி பல வருடம் இன்சூரன்ஸ் கம்பனியில் இருந்து, கழுத்து நோவென்று பட்டி போட்டுக்கொண்டு நஷ்டஈடு கேட்கிறவர்களை பாட்மின்டன் கோர்ட்டில் வைத்துப் பிடித்தவர். இப்போது அஜக்ஸ் நகரில் சொந்தமாக ஒரு துப்பறியும் கந்தோர். பொய் சொல்கிறவனைவிட, பொய்யால் நன்றாக வாழ்கிறவனைத்தான் அவருக்குப் பிடிக்காது. அந்தக் கோபம் தொழிலுக்கு உதவியது, இரத்த அழுத்தத்துக்கு உதவவில்லை.

கதைக்கத் தேவையில்லை என்று அமிர்தநாதர் சொன்ன பிள்ளையைத் தேடித்தான் கார் போனது.

தனுஷிகா யூனிவர்சிற்றிக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் வந்து சந்தித்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயது, இங்கேயே பிறந்தவள், பழைய எபிரேயக் கையெழுத்துகளில் வருகிற மனிதப் பெயர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பிரியந்தன் போனில் இருந்த படத்தைக் காட்டினான். அமிர்தநாதரின் பெருவிரலைப் பார்த்ததும் அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. சந்தோஷச் சிரிப்பு அல்ல, தூண்டில் இழுபடுவதைப் பார்க்கிறவன் சிரிக்கிற சிரிப்பு.

விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெய்வநாயகி கேட்டார். அவள் பாராமலே சொன்னாள்.

"'ராகேலின் மகன் எலியாசர் ஆகிய நான், என் கையில் இருப்பது என்னுடையதல்ல என்று ஒப்புக்கொள்கிறேன்.' இது ஒரு டீட் அன்ரி. ஒப்புதல் பத்திரம். அந்தக் காலத்தில அப்பிடி எழுதுறவை."

பிறகு பெயர்களைப் பற்றித் தொடங்கினாள். அதில் அவளுக்கு இருந்த ஆசை உண்மையானது, மறைக்க முடியாதது. எலியாசர் அந்த நாளில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருந்த பெயராம். ராகேல் அப்படியில்லை, அந்தக் காலத்துத் துண்டுகளில் காண்பதே அரிது என்றாள். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. கொடுக்கல் வாங்கல் பத்திரம் என்றால் தகப்பன் பெயர்தான் வரும், இன்னாரின் மகன் இன்னார் என்று. தாயின் பெயரைச் சொல்லி ஆளை எழுதுவது வேறு இடங்களில். நோய் தீர எழுதுகிற தாயத்தில், பேய் ஓட்டுகிற மந்திரத்தில், சாபத்தில்.

"எங்கட பக்கத்திலயும் செய்வினைக்காரன் தாய்ட பேரைத்தான் முதல்ல கேப்பான். தகப்பனைச் சொல்றதில பிழை வரலாமாம், தாயில பிழை வராதாம்," என்றார் தெய்வநாயகி.

"என்ர அம்மாட பேரை பாங்க்காரன் மட்டும்தான் கேப்பான். பாஸ்வேர்ட் மறந்தால்," என்றான் பிரியந்தன்.

தனுஷிகா சிரித்தாள். தெய்வநாயகி சிரிக்கவில்லை. கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பார்வை பிரியந்தனுக்குத் தெரியும். கழுத்துப் பட்டிக்காரர்கள் கடைசியாகக் கண்ட பார்வை அது.

"பத்திரத்தில தாய் பேர் வராது. அது உனக்குத் தெரியும். அப்ப இது பொய்த் துண்டெண்டு கண்டவுடனேயே உனக்குத் தெரிஞ்சிருக்கும். பொய்யெண்டு தெரிஞ்சும் என்னத்துக்கு, மகள், லேபல் எழுதின?"

தனுஷிகா வேலையைச் செய்யச் சொன்னார்கள், செய்தேன் என்றாள்.

"அங்க இருக்கிற லேபல் எல்லாம் இங்கிலீஷ். இதுக்கு மட்டும் தமிழ். வாற வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது, எங்கட சனம் லேபல் வாசிக்கிறதில்ல. அப்ப ஒரே ஒரு ஆள் வாசிக்கத்தான் எழுதியிருக்கு. ஆள் வாசிச்சிட்டார். கிழிச்சுச் சட்டைப் பைக்குள்ள வச்சிருக்கிறார்."

 தெய்வநாயகி குரலைத் தாழ்த்தி, ஊரில் புதிய ஆளைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"உன்ர தாய் ஆர், மகள்?"

பிரியந்தனுக்கு அந்தக் கேள்வியின் கனம் உடனே விளங்கவில்லை. கனடாவில் ஆளைக் கேட்டால் தகப்பன் பெயர் முதலில் வந்து விழும். லைசென்ஸில், ஹெல்த் கார்ட்டில், வீட்டு உறுதியில் எல்லாம் தகப்பன் பெயர்தான் கடைசிப் பெயராக ஒட்டிக்கொண்டு வரும். தாய் எங்கும் இல்லை. மட்டக்களப்பில் அப்படியல்ல. அங்கே குடி என்கிற குலம் தாய் வழி. தாயைக் கேட்டுத்தான் நீ யார் என்று சொல்வார்கள். தனுஷிகாவின் கடைசிப் பெயரை அமிர்தநாதர் எத்தனை முறை வாசித்திருந்தாலும் அது அவள் தகப்பனின் பெயர், யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரின் பெயர். அதில் புளியந்தீவின் வாடையே இராது.

பிள்ளை கோப்பியைக் கடைசிவரை குடித்து முடித்தாள். பிறகு பையைத் தூக்கித் தோளில் போட்டாள். அம்மாவிடமே கேளுங்கள் என்றாள்.

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் பதினாலாம் மாடி. தாய் யூஜினி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு பேரைக் கூட்டி வந்து நிறுத்தி, இவர்களை அமிர்தநாதர் அனுப்பியிருக்கிறார் என்றதும் கத்தி நின்றது.

"அமிர்தநாதர் அனுப்பேல்ல. அந்தப் பேரில திரியிறவன் அனுப்பியிருக்கிறான்," என்றாள் யூஜினி. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தாள்.

அவள் சொன்ன கதை நீளமில்லை. யோசேப்பு அமிர்தநாதர் அவளுடைய அண்ணன். சண்டை நேரத்தில் உயிர் தப்ப பாங்கொக் போனவன். கனடாவில் ஒரு சேர்ச் அவனைப் பொறுப்பெடுத்து விசாவும் எடுத்துவிட்டது. அவனை அனுப்பத் தாய் விற்றது யூஜினிக்கென்று கட்டின வீட்டை. அந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், அண்ணனுக்காக அவள் அதை விட்டுக் கொடுத்தாள். அண்ணனோடு கூடப் போனவன் அவன் கூட்டாளி, அடுத்த ஒழுங்கையில் குடியிருந்த எலியாசர். ராகேல் டீச்சர் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும், அவருடைய மகன். அவனுக்கு விசா இல்லை.

அண்ணன் கனடாவில் இறங்கிவிட்டான் என்று அந்தச் சேர்ச்சிலிருந்து செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. கடிதம் இல்லை, போன் இல்லை. எலியாசர் எங்கே என்று யாரும் தேடவில்லை, ராகேல் டீச்சரும் முன்னமே இறந்திருந்தார். யூஜினியின் தாய் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மகன் நன்றாக இருக்கட்டும் என்று மன்றாடுவாராம். போகப் போக மன்றாட்டு மாறிப்போயிற்று. பெற்றவளை மறந்தவன் உருப்படமாட்டான் என்று சொல்லிச் சொல்லியே அந்த மனுஷி கண்ணை மூடினார்.

"பெத்த தாய் தன்ர பிள்ளைக்குச் சாபம் போட்டிட்டுச் செத்தா. அவர் ஒரு பிழையும் செய்யேல்ல எண்டு தெரியாமலே செத்தா," என்றாள் யூஜினி. கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. எல்லாம் எப்போதோ வற்றி, அடியில் ஆத்திரம் மட்டும் கட்டிக் கிடந்தது.

போன வருடம் ஒரு சாமத்திய வீட்டுக்கு அந்த மண்டபத்துக்குப் போயிருக்கிறாள். வாசலில் அண்ணனுடைய பெயரைக் கண்டதும் அப்படி ஒரு சந்தோஷமாம். அண்ணன் இருக்கிறார், அண்ணன் இருக்கிறார் என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பிறகுதான் பெயருக்கு மேலே இருந்த எலியாசருடைய முகத்தைப் பார்த்தாள். தலை மாத்தின பாஸ்போர்ட் என்பது நம் சனத்துக்குப் புதிதில்லை, புத்தகம் ஒருவனுடையது, படம் இன்னொருவனுடையது. உயிர் தப்ப அப்படி வந்தவர்கள் ஆயிரம் பேர். ஆனால் இந்தப் புத்தகத்துக்குரியவன் எங்கே?

"எனக்குக் கிட்ட வந்தான். 'வாங்கோ தங்கச்சி, சாப்பிட்டீங்களோ' எண்டு கேட்டான்," என்றாள் யூஜினி. "என்னைத் தெரியேல்ல. ஆனா தங்கச்சி எண்டு கூப்பிட்டான்."

பிரியந்தனிடம் எப்போதும் ஒரு பகிடி தயாராக இருக்கும். இப்போது தேடினான், அகப்படவில்லை.  எடுத்த முற்பணக் காசோலையைக் கிழித்து அந்த மனிதனின் வாய்க்குள் திணிக்க வேண்டும் போலிருந்தது.

துண்டை எழுதினது தனுஷிகா. ஒரு பழைய தோல் புத்தக அட்டையில் வெட்டி எடுத்தது, உலகத்தை ஏமாற்ற அல்ல, ஒரே ஒருவனுக்கு. கடிதம் போட்டால் கிழித்துப் போடுவான், வேதாகமத்துத் துண்டென்றால் தன் கையாலேயே கண்ணாடி போட்டு மாட்டுவான் என்று அவள் கணக்குப் பார்த்தாள். கண்ணாடி போட்ட பிறகு, எந்த வரியில் என்ன இருக்கிறதென்று தமிழில் எழுதின சீட்டைக் கொடுத்தாள். எங்கேயோ ஒருத்திக்குத் தன் தாயின் பெயர் தெரியும் என்ற நினைப்பிலேயே அவன் இரவு நித்திரை கொள்ளக் கூடாது, அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பொலிசுக்குப் போனால் என்ன என்று தெய்வநாயகி கேட்டார். கைரேகையா சாட்சியா, என்ன இருக்கிறது என்றாள் யூஜினி. அவனிடம் சிட்டிசன்ஷிப்பும் ஃபாதரும் மண்டபமும் இருக்கிறது, தன்னிடம் ஒரு பெயர்தான் இருக்கிறது என்றாள்.

"அவன்ர வாயால வரவேணும் அக்கா. அண்ணனை எங்க விட்டிட்டு வந்தவன் எண்டு, சனத்துக்கு முன்னால. அதுக்குப் பிறகு அவனுக்கு என்ன வந்தாலும் எனக்குப் போதும்."

பிரியந்தன் அன்ரியைப் பார்த்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, அனுப்பினவரின் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் அவன் இந்தப் பெண்களைச் சும்மா விடமாட்டான், அல்லது மண்டபத்தை விற்றுவிட்டு எங்காவது மறைந்துவிடுவான். கொடுக்காவிட்டால் வேறு ஆளை வைத்துத் தேடுவான்.

தெய்வநாயகி மீனைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். பிறகு எழும்பினார்.

"பேரைக் குடுக்கிறது எண்டுதான் ஒப்பந்தம். எங்க வச்சுக் குடுக்கிறது எண்டு அதில இல்ல," என்றார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். அண்ணனும் எலியாசரும் கூட்டாளிகள் என்றால் அவன் வீட்டுக்கு வந்து போவானா?

"எங்கட குசினிக்குள்ள அடுப்படியில இருந்து சாப்பிடுவான். அம்மாவை மாமி எண்டுதான் கூப்பிடுவான்."

"தாய்ட பேரை ஆரும் சொல்லிக் கேட்டிருப்பானா?"

யூஜினி நிமிர்ந்து பார்த்தாள். கூட்டாளியின் தாயை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அது பார்க்க நல்ல வெளிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஆளைக் கண்டுபிடித்தாயிற்று, திறப்பு விழாவுக்கு முன்னம் கூட்டி வந்து மண்டபத்துக் கந்தோரில் விடுகிறேன் என்று தெய்வநாயகி அமிர்தநாதருக்குச் சொல்லியிருந்தார். வேண்டுமென்றே பிந்தி வந்தார். மண்டபக்காரர் வாசலுக்கும் கந்தோருக்கும் நடந்து களைத்து, ஃபாதர் ரிப்பன் வெட்டுகிற நேரம் வேறு வழியில்லாமல் மேடையில் போய் நின்றார். அப்போதுதான் தெய்வநாயகி பின்கதவால் வந்து ஃபாதரின் காதில், பெயர் போடாமல் காணிக்கை அனுப்பின ஆள் வந்திருக்கிறார் என்று சொன்னார். ஃபாதர் சந்தோஷத்தில் அப்படியே மைக்கில் சொல்லிவிட்டார்.

தெய்வநாயகி மைக்கை வாங்கினார். பிரியந்தன் போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்யத் தொடங்கினான்.

"ஐயா என்னட்டக் கேட்டது ஒரு பேர். நன்றி சொல்லவேணுமாம். அந்தத் துண்டை அனுப்பினது யூஜினி, புளியந்தீவு யோசேப்பற்ர மகள். ஐயாவின்ர கூடப்பிறந்த தங்கச்சி."

சனம் கைதட்டியது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கச்சியும் சேர்கிறார்கள் என்று முன்வரிசையில் ஒரு மனுஷி மூக்கை உறிஞ்சினாள். அமிர்தநாதருக்கு இரண்டே வழி. இவள் என் தங்கச்சி இல்லை என்றால், அமிர்தநாதருக்கு ஒரு தங்கச்சி உண்டென்று அறிந்த புளியந்தீவு ஆட்கள் அந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். எனவே அவர் கெட்டிக்காரத்தனமாக மற்ற வழியை எடுத்தார். கையை விரித்துக்கொண்டு தங்கச்சி என்று கிட்ட வந்தார்.

யூஜினி ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"அண்ணா, அம்மாட பேரை ஒருக்காச் சொல்லுங்கோ. செத்துப்போன மனுஷி. இவ்வளவு சனமும் அவவுக்காக ஒருக்கா மன்றாடட்டும்."

விரித்த கை அப்படியே நின்றது. அமிர்தநாதர் சிரித்தார். அம்மாவை அம்மா என்றுதானே கூப்பிடுகிறது என்று சொல்லிப் பார்த்தார். சனமும் கொஞ்சம் சிரித்தது. ஃபாதர் நல்ல மனிதர், சொல்லுங்கோ, மன்றாட்டில் சேர்ப்போம் என்று மைக்கை அவர் வாயருகே பிடித்தார். எத்தனை நாள் அந்தக் குசினியில் இருந்து சோறு தின்றிருப்பார். போட்டவளின் பெயர் அவருக்குத் தெரியாது. திருடின புத்தகத்திலும் அது இல்லை. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கி, பிள்ளைகளின் சத்தமும் அடங்கி, மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

"தெரியாதெண்டா விடு," என்றாள் யூஜினி. "உன்னைப் பெத்தவவின்ர பேர் தெரியும்தானே. அதைச் சொல்லு, எலியாசர்."

பிரியந்தன் போன் திரையில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வருடக் கணக்காகப் போட்டிருந்த ஒன்று அதில் கழன்று விழுவதைக் கண்டான். ராகேல் என்று மைக்கில் வந்தது, அந்த மனிதர் சொல்ல நினைத்துச் சொன்னதுபோல் இல்லை. பின்வரிசையில் யாரோ ஒரு கிழவர், அட ராகேல் டீச்சர்ட பெடியன் என்றார்.

"என்ர அண்ணன் செத்தாப் பிறகோ புத்தகத்தை எடுத்தனி?"

"காய்ச்சல்," என்றார் அவர். "பாங்கொக்கில. நல்ல காய்ச்சல். பிளேனுக்கு வரமாட்டான் எண்டு தெரிஞ்சுபோச்சு."

"உயிர் இருந்ததோ எண்டு கேக்கிறன்."

"இருந்தது."

"கூப்பிட்டவரோ?"

எலியாசர் ஃபாதரைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். ஒருவரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. "தண்ணி கேட்டவன். சத்தம் கேட்டாப் பொலிஸ் வரும் எண்டு வெளியால பூட்டிட்டு வந்தன். ஆரும் திறந்திருப்பாங்கள் எண்டு நினைச்சன்," என்றார். பிறகு மேடையிலேயே குந்திவிட்டார்.

முன்வரிசை மனுஷி வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபாதர் மைக்கை அணைக்க மறந்து நின்றார். தனுஷிகா தாயைப் பிடிக்க ஓடி வந்தாள், ஆனால் யூஜினி விழவில்லை. இத்தனை வருடம் பொறுத்துக் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டாள். அவளுக்கு அது இனித்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. கீழே இருந்தவனைப் பார்த்தபடியே நின்றாள், இரக்கம் ஒரு துளியும் இல்லாமல்.

தெய்வநாயகி பிரியந்தனுக்குத் தலையை அசைத்தார். அவன் பொலிசுக்குப் போன் அடித்தான். மறுமுனையில் ஒரு பெண் நிதானமாக இடத்தைக் கேட்டாள், என்ன நடந்தது என்று கேட்டாள், பிறகு அந்த மனிதனின் பெயரைக் கேட்டாள். பிரியந்தன் பழக்கத்தில் அமிர்தநாதர் என்று சொல்ல வாயெடுத்தான். யூஜினியின் கை வந்து போனைப் பொத்தியது.

"என்ர அண்ணன்ட பேரைப் பொலிசுக்குக் குடுக்காத தம்பி," என்றாள். "அவர் ஒரு பிழையும் செய்யேல்ல."